எட்சிக்ரோமின் மௌனப் புலி

பயிற்சியாளர் ஓடிப்போன செய்தி வந்தபோது கோபினா எஷுன் முழங்கை வரை சோப்பு நுரையில் இருந்தான். எட்சிக்ரோம் யுனைடெட் அணியின் மஞ்சள் ஜெர்சிகளை அலசிக் கொடியில் போடுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலைதான். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். கோபினா மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்ற இடத்தில் நின்றான்.

சேர்மன் க்வான்சா ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். ஊரில் மூன்று மீன் குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சொந்தக்காரர். அணியும் அவருடையதுதான்.

"போயிட்டான்பா."

"யாரு சார்?"

"கோச்சு. ஓமன்ல வேலை கிடைச்சிருச்சாம். ஏர்போர்ட்லேர்ந்து மெசேஜ் அனுப்பியிருக்கான். கீழே ஒரு ரோஜாப்பூ படம் வேற."

கோபினா கையைத் துடைத்துக்கொண்டான். "மேட்ச் இன்னும் மூணு பாக்கி இருக்கே சார்."

"மூணுல ரெண்டு ஜெயிக்கணும். இல்லேன்னா கீழ் டிவிஷன். கீழ் டிவிஷனுக்கெல்லாம் நான் டீம் நடத்த மாட்டேன், சொல்லிட்டேன். பூட்டைப் போட்டுட்டு மீன் விக்கப் போயிடுவேன்."

பூட்டைப் போட்டால் கோபினாவுக்கு வேலை போச்சு. நாற்பத்தாறு வயதில் யார் ஜெர்சி துவைக்கக் கூப்பிடுவார்கள்?

லைசன்ஸ் இல்லாதவர் பயிற்சியாளராக முடியாது என்பது லீக்கின் சட்டம். எட்சிக்ரோமில் லைசன்ஸ் உள்ளவர் ஒரே ஒருவர்தான். அது யார் என்று இருவருக்கும் தெரியும். முதலில் யார் வாயைத் திறப்பது என்பதுதான் பாக்கி.

"உன் சம்சாரம்..." என்று சேர்மன் இழுத்தார்.

அரபா எஷுன் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஊர்ப் பெண்கள் அணிக்கு இரண்டு தடவை மண்டலக் கோப்பை வாங்கிக் கொடுத்தவள். அவள் விசில் ஊதினால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே போகிற டாக்ஸிகூட நின்றுவிட்டுத்தான் போகும்.

"அவ செய்வா சார்" என்றான் கோபினா. "நல்லாவே செய்வா."

"செய்வாய்யா, யாரு இல்லேன்னா. ஆனா ஆம்பளைங்க டீமைப் பொம்பளை நடத்துறதா? நேத்து ரேடியோ கேட்டியா? புரொபசரே என்ன சொன்னாரு?"

கோபினா கேட்டிருந்தான். புரொபசர் எஸ்ஸில்ஃபி என்றால் லீக்கே எழுந்து நிற்கும். ராயல் ஈகிள்ஸ் அணியின் பயிற்சியாளர், எட்டு வருஷத்தில் நான்கு கோப்பை. அவருடைய படத்தைச் சோப்பு அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான் கோபினா. ஆண்கள் அணியைப் பெண் நடத்த முடியுமா என்று ரேடியோக்காரர் கேட்டதற்கு, அவர் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அது நடக்குற காரியமில்ல. ஜனங்க விட மாட்டாங்க" என்று சொல்லியிருந்தார். புரொபசர் சொன்னால் அப்பீல் கிடையாது.

"உடை மாத்துற ரூமுக்குள்ள பொம்பளை எப்படிப் போவா?" என்றார் சேர்மன்.

"நம்ம பசங்களே அதுக்குள்ள போறதில்லையே சார். எதிராளி சூனிய மருந்து வச்சிருப்பான்னு பயந்து பஸ்ஸுலதானே மாத்துறாங்க. ஹாஃப் டைம்லகூட மைதானத்து நடுவுலதானே உக்காருறாங்க."

"அது சரி. ஜெனரலுக்கு என்ன பதில் சொல்லுவே?"

ஜெனரல் அமிசா ரசிகர் சங்கத் தலைவன். படகு மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். மேட்ச் அன்றைக்கு மட்டும் தகர ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஜெனரல் ஆகிவிடுவான். அணியின் ராசி, எதிரணியின் சூனியம் எல்லாம் அவன் இலாகா. பெஞ்சில் பெண் உட்கார்ந்தால் மருந்து முறிந்துவிடும் என்பது அவன் கட்சி. போன வருஷம் நர்ஸ் ஒருத்தி தெரியாமல் உட்கார்ந்துவிட்டதற்கு அந்தப் பெஞ்சையே கடல் தண்ணீர் விட்டுக் கழுவினான்.

சேர்மன் கொடியில் தொங்கிய ஜெர்சிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கோபினாவைப் பார்த்தார். அந்தப் பார்வையே கோபினாவுக்குப் பிடிக்கவில்லை.

"லீக்குக்குக் கொடுக்கிற பேப்பர்ல அரபா பேரை எழுதிடுவோம். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு. கோட்டைப் போட்டுக்கிட்டு பெஞ்சு முன்னாடி நீ நில்லு. பேப்பரை எவன் படிக்கிறான்?"

"எனக்கு ஆஃப்சைடே முழுசாப் புரியாது சார்."

"எனக்கு மட்டும் புரியுதா? நான் பதினஞ்சு வருஷமா சேர்மனா இல்ல?"

சாயங்காலம் கோபினா பயந்து பயந்து வீட்டில் விஷயத்தைச் சொன்னான். அரபா பொரித்த மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். சாதாரண நேரத்தில் மகன் பேரைச் சேர்த்து 'எக்கோ அப்பா' என்பாள், மரியாதையாக 'நீங்க', 'வாங்க' என்பாள். கோபம் வந்தால் வெறும் கோபினா.

"கோபினா, மூளை என்னுது, மூஞ்சி உன்னுதா?"

"மூணே மேட்ச்தான் அரபா."

"பத்து வருஷமா இந்த லைசன்ஸை டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன். எத்தனை டீமுக்கு எழுதிப் போட்டேன்? பெண்கள் டீம் இருந்தாச் சொல்றோம்னு ஒரே பதிலை எல்லாரும் எழுதினாங்க." மீன் புகை மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செய்யிறேன். ஆனா சேர்மன் ஒரு வாக்குக் கொடுக்கணும். ரெண்டு மேட்ச் ஜெயிச்சுட்டா மைதானத்து வாசல் போர்டுல என் பேரை எழுதணும். அரபா எஷுன்னு முழுசா."

அந்தப் போர்டு கோபினாவுக்கு நன்றாகத் தெரியும். 'பயிற்சியாளர்' என்று பெரிதாக எழுதி அதன் கீழே பேர் இருக்கும். பதினோரு பேரை அவன் கையாலேயே எழுதி, அவன் கையாலேயே சுரண்டியிருக்கிறான்.

சேர்மன் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பதில் அவர் கர்ணன்.

அந்த வாரம் தினமும் விடிகிற நேரத்தில் பெண்கள் பள்ளி மைதானத்தில் அரபா பையன்களை ஓடவிட்டாள். கோல்கீப்பர் ஜோஜோதான் கேப்டன். முதல் நாள் அவன் மட்டும் பின்வரிசையில் நின்று சிரித்தான். அரபா அவனைக் கோலில் நிற்கவைத்துத் தானே பத்துப் பந்து உதைத்தாள். ஏழு உள்ளே போயிற்று. அதற்கப்புறம் ஜோஜோ, "சரி மேடம்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

மேட்ச் நேரத்தில் எப்படிப் பேசிக்கொள்வது? போன் எடுத்தால் கேமராவில் விழும். அரபா ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். "உங்க பெஞ்சுக்குப் பின்னாடி மூணாவது வரிசையில உக்காருவேன். தலையில போட்டா எல்லாரும் முன்னாடி ஏறணும். கழுத்தைத் துடைச்சா பின்னாடி வரணும். தோள்ல போட்டா ஆள் மாத்தணும். எந்த நம்பர்னு விரல்ல காட்டுவேன். புரிஞ்சுதா எக்கோ அப்பா?"

"தலை முன்னாடி, கழுத்து பின்னாடி, தோள் ஆளு" என்று கோபினா தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் மேட்ச் வெளியூரில். கோபினா இரவல் வாங்கிப் போட்டிருந்த சேர்மனின் கோட்டுக்குள் அவன் மாதிரி இன்னும் ஒருவர் தாராளமாக இருக்கலாம். மேட்ச் கமிஷனர் பேப்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாழ்த்துகள் கோச்" என்று கோபினாவின் கையைக் குலுக்கினார். சேர்மன் கண்ணடித்தார்.

கோபினா தொண்ணூறு நிமிஷமும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மானம் போய்விடும். அடிக்கடி திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்ப்பான், பிறகு கையைக் காட்டுவான், அவ்வளவுதான். எழுபதாவது நிமிஷம் கைக்குட்டை அரபாவின் தலைக்கு ஏறியது. பையன்கள் ஏறினார்கள். ஒன்பதாம் நம்பர் யூஃபி உதைத்த பந்து வலைக்குள் போய் உட்கார்ந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், வெற்றி.

வம்பு அப்போதுதான் தொடங்கியது. ரேடியோக்காரன் மைக்கை நீட்டினான்.

"கோச் எஷுன், அவங்க தடுப்பை எப்படி உடைச்சீங்க? ரகசியத்தைச் சொல்லுங்க."

கோபினா தனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? "கறை நடுவுல கெட்டியா இருக்குங்க. நேரா நடுவுல கை வச்சுத் தேய்ச்சா இன்னும் பரவும். ஓரத்துலேர்ந்து மெல்ல உள்ள வரணும்."

"அடடா" என்றான் ரேடியோக்காரன். "அப்புறம்?"

"காத்து எந்தப் பக்கம்னு பாத்துத்தான் தொங்கவிடணும்."

அன்று ராத்திரியே ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. ஓரங்களிலிருந்து தாக்குதல், காற்றின் திசையறிந்த ஆட்டம் என்று ரேடியோவில் ஒரு மணி நேரம் அலசினார்கள். வாய் பேசாமல் வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து வியூகம் வகுத்த மனிதருக்கு ஒரு பட்டமும் கொடுத்துவிட்டார்கள். எட்சிக்ரோமின் மௌனப் புலி.

புலிக்கு மறுநாளே நகம் முளைத்துவிட்டது. காலையில் சோளமாவு உருண்டையான கெங்கியைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டே கோபினா சொன்னான்: "அரபா, நடு வரிசையில இன்னும் ஒருத்தனைப் போடலாம்னு எனக்குத் தோணுது."

அரபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெர்சி ஊறிக்கிட்டிருக்கு. அதுல போய்த் தோணட்டும்."

"இல்ல, சொன்னேன். ரேடியோவுலகூட..."

"எக்கோ அப்பா, அந்த ரேடியோவை நம்பி அடுத்த வாரம் வாயைத் திறந்துடாதீங்க."

அடுத்த மேட்ச் சொந்த ஊரில். கோபினா கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் வந்தான். ஆனால் ஜெனரல் அமிசா சும்மா இருக்கவில்லை. போன மேட்சில், வெள்ளைக் கைக்குட்டையை ஒரு பெண்மணி தலையில் போட்டதும் கோல் விழுந்ததை அவன் கவனித்திருந்தான். கைக்குட்டையில்தான் மருந்து இருக்கிறது என்று முடிவு கட்டினான். சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் வெள்ளைக் கைக்குட்டையோடுதான் வர வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்து அறிவித்துவிட்டான்.

மேட்ச் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் கோபினா திரும்பிப் பார்த்தான். மூவாயிரம் வெள்ளைக் கைக்குட்டைகள்.

பாதிப் பேர் தலையில் போட்டிருந்தார்கள், மீதிப் பேர் வெயில் தாங்காமல் கழுத்தைத் துடைத்தார்கள். முன்னே போகச் சொல்வதா, பின்னே வரச் சொல்வதா? அவன் இரண்டையும் செய்தான். பையன்கள் பேட்டை நாய்கள் துரத்தியதுபோல அங்கும் இங்கும் ஓடினார்கள். மூன்றாவது வரிசையில் அரபாவைத் தேடினான். எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்த ரசிகர்களுக்குப் பின்னால் அவள் எங்கோ மறைந்துபோயிருந்தாள்.

அப்போது இரண்டு கைகள் தெளிவாகத் தெரிந்தன. தோளில் கைக்குட்டை, மேலே தூக்கிய ஒன்பது விரல். கோபினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டென்று ஒன்பதாம் நம்பர் யூஃபியை வெளியே கூப்பிட்டான்.

"மாமா, என்னையா?" யூஃபிக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் நல்லாத்தானே ஆடுறேன்?"

"மேலிடத்து உத்தரவுடா. வந்து உக்காரு."

யூஃபி வந்து உட்கார்ந்தான். அப்புறம்தான் கோபினா அந்தக் கைகள் யாருடையவை என்று பார்த்தான். ஜெனரல் அமிசா. தண்ணீர் விற்கிற பெண்ணிடம் ஒன்பது பாக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டுக்குப் பூஜ்யம், தோல்வி.

ஓடிப்போய்க் கடலில் விழலாமா என்றிருந்தது கோபினாவுக்கு. விதி அவனை அப்படி நிம்மதியாக விடவில்லை. "கடைசி மேட்ச் புரொபசரோட. அவர் வேவு பாக்க ஆள் அனுப்பியிருப்பாருன்னு தெரிஞ்சே யூஃபியை ஒளிச்சு வச்சிட்டாரு நம்ம புலி" என்று ரேடியோவில் ஒருவர் பேசினார். அடுத்துப் பேசியவர் தோற்றதுகூடத் திட்டம்தான் என்றார். மூன்றாமவர் அழுதேவிட்டார்.

புதன்கிழமை சேர்மன் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

"கோபினா, மேலே ஏறி போர்டுல உன் பேரை எழுதிடு."

"என் பேரா? அரபா பேருன்னு தானே சார் வாக்கு?"

"யோவ், ஊரே உன்னைத்தான் கேக்குது. ஜெயிச்சாலும் தோத்தாலும் நீதான் நிரந்தரம்னு நான் ரேடியோவுல சொல்லியாச்சு. அரபாவுக்குப் பொண்ணுங்க டீம் இருக்கவே இருக்கு. வீட்டுக்குள்ளதானேய்யா இருக்கு பதவி? எங்க போயிடப்போவுது?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கோபினாவுக்கு அது தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பேரை எழுதிய கை, தன் பேரை எழுத ஆசைப்பட்டுவிட்டது. ஏணியில் ஏறினான். தூரிகையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றான். கடைசியில் முன்பேரை விட்டுவிட்டு 'எஷுன்' என்று மட்டும் எழுதினான். யாருக்கும் குற்றமில்லை என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு கீழே பார்த்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்த அரபா ஏணியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த எஷுன்?"

கோபினா தூரிகையோடு ஏணியிலிருந்து இறங்கினான்.

"சேர்மன் ரேடியோவுல சொன்னதை ஸ்டாஃப் ரூம்ல எல்லா டீச்சரும் கேட்டாங்க கோபினா. உங்க வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்னு வந்து என் கையைக் குலுக்கினாங்க. சிரிச்சேன். எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு உனக்குத் தெரியுமா? மத்தவங்க என்னைப் பாக்கலேன்னா பரவாயில்ல. நீ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியே, இருபது வருஷமா."

"அரபா, நான் வேணும்னு..."

"ஞாயித்துக்கிழமை வருவேன். பசங்களுக்காக வருவேன். கைக்குட்டை வேண்டாம். ஹாஃப் டைம்ல சாப்பாட்டுக் கேரியர் வரும். மேல் அடுக்குல கெங்கி, கீழ் அடுக்குல சீட்டு. அதுல இருக்கிறதைப் படி. அதோட தீந்தது."

அந்த நான்கு நாளும் வீட்டில் அவள் பேசவில்லை. சோப்பு அலமாரியைத் திறந்தால் கதவில் புரொபசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஈகிள்ஸ் அணியோடு புரொபசர் வந்திறங்கினார். சாம்பல் நிற சூட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடி, யாரோடும் பேச்சில்லை. அவரைப் பார்த்ததும் கோபினாவுக்குக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜெனரல் வேலிக்கு மேலே எக்கி அவன் காதில் கிசுகிசுத்தான். "எதிர்ப்பக்கம் பாத்தியா அண்ணே? பச்சைக் குடைக்காரி. ஈகிள்ஸ் எங்க ஆடினாலும் அவ அங்க இருப்பா. மழையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, திடீர்னு குடையை விரிப்பா, மடக்குவா. மடக்கினா கோல். பெரிய மருந்துக்காரி."

"சும்மா இருடா. வெயிலுக்குக் குடை பிடிக்கிறாங்க."

"நீ ஆட்டத்தைப் பாத்துக்க அண்ணே. மருந்தை நான் பாத்துக்கறேன்."

முப்பதாவது நிமிஷம் பச்சைக் குடை விரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மடங்கியது. ஈகிள்ஸ் கோல் அடித்தது. கோபினாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

இடைவேளை. பையன்கள் மைதானத்து நடுவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கேரியர் வரவில்லை. கோபினா வேலியருகே ஓடினான்.

"ஜெனரல், எனக்கு ஒரு கேரியர் வந்துதா?"

ஜெனரல் பெருமையோடு சிரித்தான். "வந்துது அண்ணே. ஒரு டீச்சரம்மா கொண்டுவந்தாங்க. சாப்பாடுன்னாங்க. நான் என்ன பச்சப்புள்ளையா? மேட்ச் நடுவுல எந்தக் கோச்சு சாப்பிடுவான்? திறந்து பாத்தேன், கீழ் அடுக்குல அம்புக்குறியும் வட்டமுமா ஒரு சீட்டு. குடைக்காரிக்கு எதிர் மருந்துன்னு புரிஞ்சுபோச்சு. முறைப்படி அவங்க கோலுக்குப் பின்னாடி நாலடி பள்ளம் தோண்டிப் புதைச்சாச்சு."

"புதைச்சிட்டியா?"

"மேலே தண்ணியும் ஊத்தியாச்சு."

கோபினா திரும்பி வந்தான். பதினோரு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். நாற்பத்தைந்து நிமிஷம் பாக்கி, ஒரு கோல் பாக்கி, இல்லை, இரண்டு கோல். புலியின் தலைக்குள் சோப்பு நுரையைத் தவிர ஒன்றுமில்லை.

"மாமா, ஏதாவது சொல்லுங்க" என்றான் ஜோஜோ.

கோபினா கோட்டைக் கழற்றினான். அதை ஒழுங்காக மடித்துப் புல்லில் வைத்தான். தொழில் பழக்கம். பிறகு ஆறாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க மூன்றாவது வரிசைக்கு நேராக நடந்து போனான்.

"அரபா, இறங்கி வா."

அவள் அசையவில்லை. "சீட்டு எங்கே?"

"மண்ணுக்குள்ள. எனக்கு ஒண்ணும் தெரியாது அரபா. இது உன் டீம். போர்டுல நான் எழுதினது தப்பு. வந்து உன் டீமைப் பாரு."

அவன் பேசியதைப் பக்கத்து வரிசைகள் கேட்டன, அடுத்த வரிசைகளுக்குச் சொல்லின. மைதானம் அடங்கிப்போயிற்று. அரபா கைப்பையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வேலியைத் தாண்டி இறங்கினாள்.

ஜெனரல் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "பொம்பளை மைதானத்துக் கோட்டைத் தாண்டுறாங்க, நிறுத்துங்க. எல்லா மருந்தும் போச்சு." சேர்மன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மேட்ச் கமிஷனர் மூச்சு வாங்க வந்தார்.

"யாரும்மா நீங்க? இங்க கண்டவங்க வரக் கூடாது."

"பேப்பரைப் பாருங்க" என்றாள் அரபா.

அவர் பையிலிருந்து பேப்பரை எடுத்துப் பிரித்தார். மூன்று மேட்ச்சில் அதைப் பிரிப்பது அதுதான் முதல் தடவை. படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இவங்கதான் கோச்சுன்னு போட்டிருக்கு" என்றவர் கோபினாவை முறைத்தார். "அப்போ நீ யாருய்யா?"

"கடைசி வரியில இருப்பேன் சார். துணி துவைக்கிறவர்."

அதற்குள் அரபா பையன்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல் புல்லில் கோடு போட்டது. "அவங்க இடது பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கு. குடை மடங்குறப்ப எல்லாரும் வலது பக்கம் சாயுறாங்க. யூஃபி, நீ இடப்பக்கம் போ. ஜோஜோ, பந்தை அவனுக்கு மட்டும் எறி."

"சரி மேடம்" என்றார்கள் எல்லோரும்.

இரண்டாம் பாதியில் கோட்டோரத்தில் வெறுங்காலோடு அரபா நின்றாள். பத்து நிமிஷம் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். பதினைந்தாவது நிமிஷம் யூஃபி கோல் போட்டான். கூச்சல் ஓய்ந்தது. எதிர்ப்பக்கம் பச்சைக் குடை விரிந்தது, அரபா பையன்களைப் பின்னே இழுத்தாள். குடை மடங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி விரிந்தது, அரபா மறுபடி ஆளை மாற்றினாள். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். பள்ளிக்கூட வாசலில் டாக்ஸியை நிறுத்துகிற அதே விசில். ஈகிள்ஸ் ஆட்கள் ஒரு கணம் நின்றுவிட்டார்கள் என்று கோபினா இன்றைக்கும் சாதிக்கிறான். யூஃபி நிற்கவில்லை. இரண்டுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் ஜெனரல் அமிசா வேலியிலிருந்து குதித்து வந்து அரபாவைத் தோளில் தூக்கினான். பெண் கோட்டைத் தாண்டினால்தான் மருந்து வேலை செய்யும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றான். சேர்மன் கோபினாவின் முதுகில் தட்டி, "நாளைக்கே போர்டுல முன்பேரைச் சேத்துடு. நான் அப்பவே சொல்லலே?" என்றார்.

கோபினா மடித்து வைத்த கோட்டை எடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. தோளுக்கு மேலே இருந்து அரபா அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு புரொபசர் எஸ்ஸில்ஃபி அவனை நோக்கி வந்தார். ஏமாற்றுக்காரன் என்று திட்டப்போகிறார். திட்டட்டும், திட்டவேண்டியதுதான்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. மூணு வாரமா கோச்சுன்னு நின்னேன்."

புரொபசர் அவன் கையைப் பிடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் காலியாகிக்கொண்டிருந்த வரிசையில் ஒற்றையாக நின்ற பச்சைக் குடையைப் பார்த்தபடி, அவன் காதருகே குனிந்தார்.

"இத்தனை பேர் முன்னாடி அவங்களை எப்படிய்யா கீழ கூட்டிட்டு வந்தே? நான் எட்டு வருஷமா தைரியம் வராம, என் சம்சாரம் பிடிக்கிற குடையையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."